'ஃபேர்' என்றால் சிவப்பா, நியாயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் கல்லூரி முடித்து வேலை தேடுகிறவர்கள். பெரிய இலக்கண விதிகளைவிட, தினமும் காதில் விழும் சின்னச் சொற்கள்தான் அவர்களைத் தடுமாற வைக்கின்றன. அப்படிப்பட்ட சொற்களில் ஒன்று 'ஃபேர்'. இந்த ஒரு பெயரடையைப் பற்றி வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஃபேர் என்பதற்கு ஒரே வார்த்தையில் பொருள் சொல்ல முடியுமா?

முடியாது. இன்றைய ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் பொருள் 'நியாயமான, ஒரு பக்கம் சாயாத' என்பது. அடுத்தது 'சுமாரான, பரவாயில்லை என்று சொல்லத்தக்க'. அப்புறம், தோலோ தலைமுடியோ வெளிர் நிறமாக இருப்பது. மழையில்லாத தெளிந்த வானமும் ஃபேர்தான், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய பிரதியும் ஃபேர்தான். பழைய கவிதைகளில் வந்தால் 'அழகான' என்று பொருள்.

நம் ஊரில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது தோல் நிறம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு முதலில் தோன்றுவது நியாயம். வகுப்பில் நான் பார்த்த குழப்பங்களில் பாதி இந்த இடைவெளியால் வந்தவை.

நியாயத்துக்கும் நிறத்துக்கும் வானிலைக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் ஒரே சொல்தானா?

ஒரே சொல்தான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இதற்கு 'அழகான, பார்க்க இதமான' என்று பொருள். மற்றவை எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. பார்க்க இதமான வானம் என்றால் மேகம் மூடாத வானம். பார்க்க இதமான எழுத்து என்றால் மைக்கறை படாத எழுத்து. கறை படாத நடத்தை என்றால் நேர்மை. பாரபட்சம் இல்லாத, நீதியான என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே வந்துவிட்டது. 'பெரிதாகக் குறை சொல்ல எதுவுமில்லை' என்ற இடத்துக்கு இறங்கி வந்ததுதான் 'சுமார்' என்ற பொருள்.

வகுப்பில் இதை விளக்க எனக்குக் கைகொடுப்பது நம் 'செம்மை' என்ற சொல். அகராதியைப் புரட்டிப் பாருங்கள்: சிவப்பு, நேர்மை, அழகு, சுத்தம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும். செங்காந்தளில் வருவது நிறம். செங்கோலில் வருவது நீதி. 'வேலையைச் செவ்வையாக முடித்தான்' என்றால் பிசிறில்லாமல் முடித்தான் என்று அர்த்தம். திருத்தி எழுதிய படியைச் செம்மைப்படி என்கிறோம், ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'ஃபேர் காப்பி'. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல. கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிவதையும் மனதுக்கு ஒழுங்காகப் படுவதையும் ஒரே சொல்லால் சொல்ல இரண்டு மக்களுக்குமே தோன்றியிருக்கிறது.

வள்ளுவரும் நடுவு நிலைமை அதிகாரத்தில் இதே இடத்துக்கு வருகிறார். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி' என்பது 118ஆவது குறள். தராசு போல ஒரு பக்கம் சாயாமல் இருப்பது சான்றோருக்கு அணி, அதாவது அழகு. ஃபேர் என்ற சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் இந்தக் குறளில் சந்திக்கின்றன. இதைச் சொன்ன பிறகு என் மாணவர்கள் யாரும் அந்த இரண்டு பொருளை மறந்ததில்லை.

'இட்ஸ் நாட் ஃபேர்' என்பதும் 'இட்ஸ் ராங்' என்பதும் ஒன்றா?

இல்லை. 'ராங்' என்றால் தவறு. 'நாட் ஃபேர்' என்றால் ஒருவருக்குக் கிடைத்தது இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை, அல்லது எல்லோருக்கும் ஒரே விதி இல்லை என்ற குறை. அண்ணனுக்கு இரண்டு முறுக்கும் தங்கைக்கு ஒன்றும் கொடுத்தால் தங்கை சொல்ல வேண்டியது 'நாட் ஃபேர்'. நம் வீடுகளில் அந்தக் குழந்தை 'இது அநியாயம்' என்று கத்துமே, அதேதான்.

சட்டப்படி சரியாக இருக்கும் ஒன்றைக்கூட ஃபேர் இல்லை என்று சொல்ல முடியும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். 2019 ஐ.பி.எல். போட்டியில், ஜெய்ப்பூரில், பந்து வீச வந்த அஸ்வின், பந்து வீசும் முனையில் கோட்டைத் தாண்டி நின்ற ஜோஸ் பட்லரை, பந்தை வீசாமலேயே ரன் அவுட் செய்தார். விதிப்படி அது அவுட். ஆனாலும் உலகம் முழுக்க 'இது ஃபேரா?' என்று சண்டை நடந்தது. எச்சரிக்கை கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள் ஒரு பக்கம். முன்கூட்டியே ஓடத் தொடங்கியவர்தான் நியாயமில்லாமல் ஆதாயம் தேடினார் என்றார்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். அப்போது இந்த வகை ரன் அவுட் கிரிக்கெட் விதிகளில் 41ஆவது விதியில் இருந்தது. அந்த விதியின் தலைப்பே 'அன்ஃபேர் ப்ளே'. 2022 அக்டோபரில், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. அதை அங்கிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட்டைப் பற்றிய 38ஆவது விதியில் வைத்தது. விதியின் உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. மாறியது அது உட்கார்ந்திருந்த தலைப்பு. 'அன்ஃபேர்' என்ற ஒரு சொல்லின் நிழல் போனதே பெரிய விஷயமாக இருந்தது என்றால் அந்தச் சொல்லின் கனத்தைப் பாருங்கள்.

கால்பந்திலும் ஒரு உதாரணம் உண்டு. 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் கணக்கு எல்லாவற்றிலும் சமமாக நின்றன. இரு அணிகளும் மோதிய ஆட்டமும் டிரா. கடைசியில் 'ஃபேர் ப்ளே' கணக்கு பார்த்தார்கள். ஜப்பான் வாங்கிய மஞ்சள் அட்டைகள் 4, செனகல் வாங்கியவை 6. ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது.

ஃபேர், ஈக்வல், ஜஸ்ட் மூன்றுக்கும் வித்தியாசம்?

'ஈக்வல்' என்பது அளவு. நான்கு பேருக்கும் ஆளுக்கு இரண்டு இட்லி என்றால் ஈக்வல். அதில் ஒருவர் மூட்டை தூக்கிவிட்டு வந்தவர் என்று அவருக்கு நான்கு வைத்தால் அது ஈக்வல் இல்லை, ஆனால் ஃபேர். 'ஜஸ்ட்' என்பது கனமான சொல். நீதிமன்றத் தீர்ப்பு, போர், சமூக அமைப்பு போன்ற பெரிய இடங்களில் வரும். முறுக்குச் சண்டைக்கு ஜஸ்ட் என்று சொன்னால் கேட்பவருக்கு விநோதமாக இருக்கும்.

அரசாங்கக் காகிதங்களில் இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது?

உங்கள் தெருவிலேயே வருகிறது. ரேஷன் கடைக்கு அதிகாரபூர்வ ஆங்கிலப் பெயர் 'ஃபேர் ப்ரைஸ் ஷாப்', தமிழில் நியாய விலைக் கடை. கரும்பு போடும் விவசாயிகள் எஃப்.ஆர்.பி. என்று சொல்வார்கள். மத்திய அரசு அறிவிக்கும் அந்த விலையின் பெயரில் முதல் சொல் ஃபேர். 2009–10 பருவத்திலிருந்து இந்தப் பெயர் புழக்கத்தில் இருக்கிறது. முன்பு குறைந்தபட்ச விலை என்று மட்டும் இருந்ததை நியாயமான, ஆதாயம் தரும் விலை என்று மாற்றினார்கள். நிலம் கையகப்படுத்துவது பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'ஃபேர் காம்பன்சேஷன்' இருக்கிறது, நியாயமான இழப்பீடு. நிலம் போகிற குடும்பம் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். அதனால்தான் இதன் பொருள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நீதிமன்றத்தில் 'ஃபேர் ட்ரையல்' என்றால் இரு தரப்பையும் கேட்டு நடக்கும் நியாயமான விசாரணை. 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று சொன்னபோது பயன்படுத்திய சொற்களில் ஃபேரும் ஒன்று.

யூடியூபில் காணொளி போடுகிறவர்கள் 'ஃபேர் யூஸ்' என்று சொல்வது அமெரிக்கச் சட்டச் சொல், 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து வருவது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பது 'ஃபேர் டீலிங்', 52ஆவது பிரிவு. இரண்டும் உறவுக்காரர்கள், ஆனால் ஒன்றல்ல. நம் சட்டம் விமர்சனம், சொந்தப் படிப்பு, செய்தி என்று எந்தெந்தக் காரியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பட்டியலாகவே தருகிறது.

அலுவலக மதிப்பீட்டில் எனக்கு 'ஃபேர்' போட்டிருக்கிறார்கள். சந்தோஷப்படலாமா?

என் மாணவர் ஒருவர் இதற்காக வகுப்புக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார். எனக்குச் சொல்லவே மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். மதிப்பெண்ணாக வரும்போது ஃபேர் என்பது பெரும்பாலும் 'குட்' என்பதற்குக் கீழே, 'புவர்' என்பதற்கு மேலே. சுமார், இன்னும் முன்னேற வேண்டும் என்று அர்த்தம். அடுத்த வருடம் அவர் 'குட்' வாங்கினார், அப்போதும் மைசூர்பாகு வந்தது.

அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளியின் நிலையைச் சொல்லும்போதும் இதே வரிசைதான்: 'குட்', அதற்குக் கீழே 'ஃபேர்', பிறகு 'சீரியஸ்', கடைசியில் 'க்ரிட்டிக்கல்'. அமெரிக்காவில் இருக்கும் உறவினரைப் பற்றி 'ஃபேர் கண்டிஷன்' என்று செய்தி வந்தால் பதற வேண்டாம், முழுக்கத் தேறிவிட்டதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதே பொருளில் அளவைக் குறிக்கும்போது மட்டும் சொல் கொஞ்சம் உயர்கிறது. 'எ ஃபேர் அமவுண்ட்' என்றால் கணிசமான அளவு. 'எ ஃபேர் டிஸ்டன்ஸ்' என்றால் நல்ல தூரம்.

'ஃபேர்லி குட்' என்றால் நியாயமாக நல்லது என்றா?

இல்லை, ஓரளவு நல்லது. ஃபேர்லி ஒரு வினைச்சொல்லோடு வந்தால் 'நியாயமாக': தேர்தலை ஃபேர்லி நடத்தினார்கள். பெயரடைக்கு முன்னால் வந்தால் 'ஓரளவு': ஃபேர்லி ஈஸி, ஃபேர்லி ஓல்ட். இது 'வெரி' என்பதைவிட நன்றாகக் குறைவு. ஒருவர் சமைத்ததை 'ஃபேர்லி குட்' என்று பாராட்டினால் அவர் முகம் வாடும்.

ஒருவரின் நிறத்தைச் சொல்ல ஃபேர் பயன்படுத்தலாமா?

இலக்கணப்படி தவறில்லை. ஆனால் இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும்.

முதலில் ஒரு தகவல். பிரிட்டனில் ஒருவரை ஃபேர் என்றால் பல சமயம் தலைமுடியைத்தான் சொல்கிறார்கள், பொன்னிற அல்லது வெளிர் முடி. நாம் தோலை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். மாநிறத்துக்குச் சற்று வெளுப்பாக இருப்பவரை நாம் ஃபேர் என்று சொன்னால் அவர்களுக்கு யாரைச் சொல்கிறோம் என்றே புரியாது.

இரண்டாவது, அழகு என்ற பொருளும் வெளிர் நிறம் என்ற பொருளும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டதில் ஒரு தீங்கு இருக்கிறது. ஐரோப்பாவில் வெளிர் நிறத்தை அழகு என்று நினைத்தவர்கள் அழகுக்கான சொல்லையே அந்த நிறத்துக்கும் வைத்தார்கள். அங்கேயே அதை ஒருவர் சீண்டிப் பார்த்திருக்கிறார். 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 14 வரிக் கவிதைகளில் 127ஆவது, பழைய காலத்தில் கறுப்பு ஃபேராக எண்ணப்படவில்லை என்று தொடங்கி, கறுத்த பெண்ணின் அழகைப் பேசுகிறது. அந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளையும் சேர்த்துப் படித்தால்தான் வரி திறக்கும்.

நம்மிடம் இந்தச் சொல் வந்தபோது அந்த ஒட்டு கழன்று வரவில்லை. கல்யாண விளம்பரங்களில் வந்து உட்கார்ந்தது. 1975இல் இந்துஸ்தான் லீவர் கொண்டுவந்த களிம்பின் பெயரில் ஃபேரும் லவ்லியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. 45 வருடம் கழித்து, 2020இல், அந்த நிறுவனம் பெயரிலிருந்து ஃபேரை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்தது. அதே வருடம் ஷாதி டாட் காம் இணையதளம், வரன் தேடும்போது தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியை நீக்கியது.

அதற்கெல்லாம் முன்பே, 2009இல், சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தை 'விமன் ஆஃப் வர்த்' அமைப்பு தொடங்கியிருந்தது. பிறகு நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகம் கொடுத்தார். அவர் படம் போட்ட சுவரொட்டியில் இருந்த வாசகம்: 'ஸ்டே அன்ஃபேர், ஸ்டே பியூட்டிஃபுல்'. அநியாயமாக இரு என்று அல்ல, உன் நிறத்திலேயே இரு, அழகாக இரு என்று. ஃபேரைப் பற்றிய வகுப்பில் இந்த வாசகத்தை நான் எப்போதும் கரும்பலகையில் எழுதுவேன்.

இன்னொன்றையும் எழுதுவேன். குறுந்தொகையின் 27ஆவது பாட்டு, வெள்ளிவீதியார் பாடியது. 'கன்றும் உண்ணாது கலத்தினும் படாது' என்று தொடங்கும். கன்றும் குடிக்காமல் பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பசுவின் பாலைப் போல, எனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் என் மாமை அழகைப் பசலை தின்கிறது என்கிறாள் தலைவி. மாமை என்பது மாந்தளிர் போன்ற நிறம். பசலை என்பது பிரிவால் வரும் வெளிறல். வெளிறிப் போவது அங்கே நோய், மாநிறம்தான் அழகு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இப்படிப் பாடிய மொழியில், இன்று பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் 'கலர் எப்படி?' என்று கேட்பதைக் கேட்கும்போது எனக்கு வலிக்கிறது.

அப்படியானால் ஒருவரின் தோற்றத்தை எப்படிச் சொல்வது?

தேவைப்படும் இடத்தில் மட்டும் சொல்லுங்கள். ரயில் நிலையத்தில் ஒருவரை அடையாளம் காண வேண்டும் என்றால் உயரம், கண்ணாடி, சட்டை நிறம் போதும். மருத்துவரோ காவல் துறையோ கேட்டால் 'லைட் ஸ்கின்', 'டார்க் ஸ்கின்', 'ப்ரவுன்' என்று நிறத்தை நிறமாகவே சொல்லலாம். நேர்முகத் தேர்வில் தன்னை அறிமுகம் செய்யும்போது ஒரு மாணவி 'ஐ ஆம் நாட் ஃபேர்' என்று ஆரம்பித்துப் பயிற்சி செய்தார். தன் நிறத்தைப் பற்றி முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பது போல. கேட்கும் அதிகாரிக்கு அது 'நான் நியாயமானவள் அல்ல' என்றுதான் காதில் விழும். அந்த வரியை எடுத்துவிட்டு, அவர் நன்றாகச் செய்யும் தையல் வேலையைப் பற்றி ஒரு வரி சேர்த்தோம்.

அன்ஃபேர் என்றால் கறுப்பா?

இல்லை. மேலே சொன்ன சுவரொட்டி போன்ற சொல் விளையாட்டில் தவிர, அன்ஃபேர் என்றால் எப்போதும் நியாயமற்ற என்பதுதான்.

'ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு' என்று பள்ளியில் சொல்வோமே?

அது சரியான பயன்பாடு. சுத்தமான, திருத்திய எழுத்து என்ற பழைய பொருள் நம் பள்ளிக்கூடங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வானிலை அறிக்கையில்?

'ஃபேர் வெதர்' என்றால் மழையோ புயலோ இல்லாத நல்ல வானிலை. பழைய காற்றழுத்தமானிகளின் முகப்பில் 'ஸ்டார்மி', 'ரெயின்', 'சேஞ்ச்', 'ஃபேர்' என்று எழுதியிருக்கும், அழுத்தம் கூடினால் முள் ஃபேர் பக்கம் போகும். இதிலிருந்து வந்தது 'ஃபேர் வெதர் ஃப்ரெண்ட்'. குளம் வற்றினால் பறந்துவிடும் பறவை போன்ற நண்பன். குளத்திலேயே கிடக்கும் கொட்டியையும் ஆம்பலையும் போல ஒட்டி உறவாட வேண்டும் என்று மூதுரை சொல்லும் அதே விஷயம்.

புக் ஃபேர், பஸ் ஃபேர் எல்லாம் இதே சொல்லா?

மூன்றும் வேறு வேறு சொற்கள். 1977இலிருந்து நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியின் ஆங்கிலப் பெயரில் வரும் ஃபேர், திருவிழா நாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கோயில் திருவிழாவை ஒட்டிக் கடை போடும் வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது. எழுத்தில்கூட அழகைக் குறிக்கும் ஃபேரும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கும். பஸ் கட்டணத்தைக் குறிக்கும் ஃபேருக்கு எழுத்தே வேறு, பயணம் போவது என்ற பழைய வினையிலிருந்து வந்தது. உச்சரிப்பு மட்டும் மூன்றுக்கும் ஒன்று.

பேச்சில் அடிக்கடி வரும் தொடர்கள் எவை?

'ஃபேர் எனஃப்' முக்கியமானது. எதிராளி சொன்ன காரணத்தை ஏற்றுக்கொள்ளும்போது சொல்வது. தமிழில் 'சரி, நீ சொல்றதும் நியாயந்தான்' என்போமே, அது. 'டு பி ஃபேர்' என்றால், ஒருவரைக் குறை சொல்லிக்கொண்டே வந்து, அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது போடும் தொடக்கம். 'ஃபேர் அண்ட் ஸ்கொயர்' என்றால் குறுக்கு வழி இல்லாமல், நேர்மையாக. 'ஃபேர் கேம்' மட்டும் ஏமாற்றும். அது நியாயமான ஆட்டம் அல்ல, 'யார் வேண்டுமானாலும் தாக்கலாம், விமர்சிக்கலாம்' என்ற நிலையில் இருப்பவர் அல்லது பொருள். அங்கே வரும் 'கேம்' வேட்டை விலங்கு.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது?

முதல் ஒலிதான். கீழ் உதட்டை மேல் பல் லேசாகத் தொட, காற்று வெளியே வர வேண்டும். இரண்டு உதடும் ஒட்டினால் 'பேர்' ஆகிவிடும், ஜோடி என்று பொருள் மாறிவிடும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு 'பேர், ஃபேர், பேர், ஃபேர்' என்று பத்து முறை சொல்லிப் பாருங்கள். ஃபேர் சொல்லும்போது காற்று இழையாக நீண்டு கையில் படும், பேர் சொல்லும்போது ஒரே வெடிப்பாக வந்து நின்றுவிடும்.